வடக்குச் சுவர், இரண்டாம் பெஞ்சு

மூடிய சுரங்கத்தின் பள்ளத்தைச் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பங்குகள் எந்த நிலையில் இருக்கின்றன, அவற்றால் வட்டாரத்துக்கு என்ன விளைந்தது என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுகிற வேலை திலகவதிக்கு.

பழுப்பு நிலக்கரி தீர்ந்ததும், தோண்டிக் கொட்டியிருந்த மண் குன்றுகளைச் சரித்துப் பள்ளத்தை நிரப்பினார்கள். மண் உள்ளே போகப் போக, ஐம்பத்தொரு வருஷமாக அங்கே குடியிருந்த வெறுமை வெளியே வந்து நின்றது. அவ்வளவு வெறுமையையும் ஒரே இடத்தில் கொட்டிவைக்க எந்த ஊரும் சம்மதிக்கவில்லை. அதனால் ரேஷன் கார்டுக்கு ஒரு துண்டு என்று வெட்டிக் கொடுத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வாய் கவிழ்த்து வைத்துக் கட்டிக் கொண்டுபோனார்கள். வாய் நிமிர்ந்திருந்தால் வழியில் ஏதாவது உள்ளே விழுந்துவிடும். ஓர் ஊரில் ஒருவருடைய செருப்பு அப்படித்தான் போயிற்று.

வீட்டில் இறக்கிவைத்ததும் பள்ளம் தன் பழைய ஆழத்துக்கு இறங்கிக்கொண்டது. எல்லாப் பங்குக்கும் வாய் இரண்டு முழம்தான். ஆழம் மட்டும் அது எந்த இடத்திலிருந்து வெட்டப்பட்டதோ அதைப் பொறுத்தது. சுரங்கத்தைப் படிப்படியாகத்தான் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படியையும் பெஞ்சு என்பார்கள். கடைசிப் பெஞ்சு கிடைத்தவர்கள் கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டு வைத்தார்கள். முதல் பெஞ்சு கிடைத்தவர்கள் அதில் தேங்காய் போட்டு வைத்தார்கள்.

நிரப்பிய நிலத்தில் இப்போது வரிசை வரிசையாகச் சூரிய மின் தகடுகள். கொக்குகள் அதைத் தண்ணீர் என்று நினைத்து இறங்கும். சற்று நேரம் நின்று பார்க்கும். பிறகு எழுந்து போகும். கொக்குகள் ஏமாறுவதைப் பார்த்துத்தானோ என்னவோ, அங்கே படகு விட ஓர் ஏரி வேண்டும் என்று இந்த வருஷம் முடிவாயிற்று. ஏரிக்குப் பள்ளம் வேண்டும். மறுபடி தோண்டுவதற்கு அனுமதி இல்லை. ஆகவே, வீடுகளில் உபயோகம் இல்லாமல் கிடக்கும் பங்குகளைத் திரும்ப வாங்கி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, தண்ணீர் விடுவதாகத் திட்டம். திலகவதியின் படிவத்தில் கடைசிக் கட்டம் அதற்குத்தான்: உபயோகத்தில் உள்ளது, இல்லை. 'இல்லை' என்று குறித்த வீடுகளுக்கு வியாழக்கிழமைதோறும் லாரி போகும்.

மூன்று மாதமாக அவள் எழுதிய விளைவுகள் இரண்டு அலமாரியை நிறைத்திருந்தன. ஓர் ஊரில் அடுப்புப் புகை மேலே போகாமல் பள்ளத்தை நோக்கி நகர்கிறது. ஒரு வீட்டில் மாடு பகலெல்லாம் பள்ளத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, பால் குறையவில்லை. இன்னொரு வீட்டில் புருஷனும் மனைவியும் சண்டை வந்தால் அதை அப்படியே உள்ளே இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மேலே வரும்போது அது யாருடைய சண்டை என்று அவர்களுக்கு நினைவில்லை. பள்ளம் இருக்கும் வீடுகளில் மழை ஐந்து நிமிடம் தாமதமாக விழுகிறது. இவை எல்லாவற்றையும் திலகவதி அழகான கையெழுத்தில், அடித்தல் இல்லாமல் எழுதினாள்.

அளக்கும் முறை எளிது. பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து, "ஓய்" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அது திரும்பி வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் பெஞ்சு என்றால் நாற்பத்திரண்டு விநாடி.

அவளுடைய குவார்ட்டர்ஸிலும் ஒரு பங்கு இருந்தது. கிழக்குச் சுவர், நான்காம் பெஞ்சு. சமையலறை மூலையில் அதன்மேல் ஒரு முக்காலி போட்டிருந்தாள். அதிலிருந்து தண்ணீர் இறைக்கும் பம்பின் சத்தம் எப்போதாவது வரும். வேறு எதுவும் வராது. அவள் தேடியது அங்கே இல்லை.

அவள் தேடியது வடக்குச் சுவரின் இரண்டாம் பெஞ்சில் இருந்தது. அங்கே இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் அமிர்தலிங்கம் ஒரு வார்த்தை சொன்னான்.

அது ஆயுத பூஜை நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டுப் பெண்களை உள்ளே விடுவார்கள். பட்டுப்புடவையும் மல்லிகையுமாகப் பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, தெற்குக் கரையில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவரவர் புருஷன் எந்த இயந்திரத்தில் இருக்கிறான் என்று கை நீட்டிக் காட்டுவார்கள். அந்த வருஷம் வாழைக்கன்று கட்டிய மண்வெட்டி இயந்திரத்திலிருந்து அமிர்தலிங்கம் இறங்கி, வடக்குச் சுவரின் இரண்டாம் பெஞ்சில், பதினான்காம் நம்பர் விளக்குக் கம்பத்துக்குக் கீழே வந்து நின்றான். இரண்டு கையையும் வாயில் குவித்து என்னவோ கத்தினான். நடுவில் ஒரு மைல் பள்ளம். எதிர்க்காற்று வேறு. வாய் திறந்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை. எல்லாப் பெண்களும் கை ஆட்டினார்கள். திலகவதியும் ஆட்டினாள். அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு இயந்திரத்தில் ஏறிக்கொண்டான். கண்டக்டர் விசில் ஊதினார். அவள் பொரிகடலைப் பொட்டலத்தோடு பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது கேட்டாள்.

"என்னமோ கத்துனீங்களே, என்ன அது?"

"ஒண்ணுமில்ல."

"சும்மா சொல்லுங்க."

"அதான் எதிரொலி வருமில்ல. வரும்போது கேட்டுக்க."

கரி இருந்த காலத்தில் அந்தச் சுரங்கத்தில் எதிரொலி அப்படித்தான். நிலக்கரி சத்தத்தை உடனே விடாது. உறிஞ்சி வைத்துக்கொண்டு, தன் நேரத்துக்குத்தான் விடும். போர்மேன் காலையில் போட்ட அதட்டல் மறுநாள் வேறு ஷிப்டின் மேல் விழும். யார் யாரோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் அவளும் காத்திருந்தாள். அமிர்தலிங்கம் பதினெட்டு வருஷம் அவளோடு இருந்து, ஒரு வைகாசியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். வார்த்தை வரவில்லை. பிறகு சுரங்கம் மூடியது. பள்ளம் துண்டுகளாயிற்று. அந்த வார்த்தையும் ஏதோ ஒரு துண்டுக்குள் ஏதோ ஒரு வீட்டுக்குப் போனது. மதிப்பீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவள் நூலக வேலையை விட்டுவிட்டு விண்ணப்பம் போட்டாள்.

வடக்குச் சுவர் இரண்டாம் பெஞ்சு மொத்தம் அறுபத்திரண்டு வீடுகளுக்குப் போயிருந்தது. அறுபத்தொரு வீடுகளில் கேட்டாகிவிட்டது. இருமல் வந்தது. யாரோ பீடி கேட்டது வந்தது. தேய்ந்துபோன ஒரு பாட்டு வந்தது. அமிர்தலிங்கம் வரவில்லை.

"எல்லாரும் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவாப் பாத்து டூட்டி கேட்டு வாங்குறாங்க. நீங்க மட்டும் வடக்குச் சுவராப் பாத்து வாங்கிட்டு அலையிறீங்க" என்பார் அலுவலகத் தலைவர் தணிகாசலம். சொல்லிக்கொண்டே முகவரியையும் எடுத்துக் கொடுப்பார்.

அறுபத்திரண்டாவது வீடு ஆதண்டங்குப்பத்தில் இருந்தது. இரண்டு தடவை போனபோதும் பூட்டிக் கிடந்தது. முந்திரிக்கொட்டை உடைக்க வெளியூர் போயிருக்கிறார்கள், பள்ளத்தையும் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மூன்றாம் தடவை, ஒரு புதன்கிழமை, கதவு திறந்திருந்தது.

வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து கட்டையால் முந்திரிக்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். தோல் எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும் என்று இரண்டு கையிலும் முழங்கை வரை சாம்பல் பூசியிருந்தாள். பெயர் அஞ்சலாட்சி. படிவத்தில் குடும்பத் தலைவி என்று இருந்தது.

"பள்ளம் பாக்க வந்த ஆபீசரம்மாதான? நேரா பின்னால போங்க. 'இல்லை'ன்னு எழுதுங்க. நாளைக்கு லாரியில ஏத்திவுட்டுடறன்."

"பாக்காம எழுத முடியாதும்மா."

"பாக்குறதுக்கு என்னா இருக்கு? மூணு வருஷமா நானும் பாக்குறன். ஒரு நாளாச்சும் மேடாவுதா?"

பள்ளம் பின்பக்கத் தகரச் சாய்ப்பில், அம்மிக்கல்லுக்கு வடக்கே இருந்தது. சுற்றிலும் செங்கல் வைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் அஞ்சலாட்சியின் கணவர் கொளஞ்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் சைகைக்காரராக இருந்தவர். இயந்திர இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால், ஓட்டுநர்களுக்குக் கையைக் காட்டி நிறுத்து, போ, இறக்கு என்று சொல்லுகிற வேலை. அந்த வேலை போனபிறகும் பழக்கம் போகவில்லை. திலகவதியைப் பார்த்ததும் வலது கையை மார்பு உயரத்தில் பக்கவாட்டில் வீசினார்.

"உக்காரச் சொல்றாரு" என்றாள் அஞ்சலாட்சி. "கல்யாணமாயி இருவத்தாறு வருஷம். இந்த மனுஷன் எங்கிட்ட வாயால பேசினத நோட்டுல ஒரு பக்கத்துல எழுதினா பாதிப் பக்கம் மிச்சமாவும்."

கொளஞ்சி விரலால் எதையோ சுழற்றிக் காட்டினார்.

"டீயெல்லாம் போடறன். வந்தவங்க மொதல்ல வேலையப் பாக்கட்டும்."

திலகவதி பத்து நாற்பதுக்குக் குனிந்து "ஓய்" என்றாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாற்பத்திரண்டு விநாடி போயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. டீ வந்து, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்தும் ஆயிற்று. பதினொன்றரைக்கும் "ஓய்" வரவில்லை.

கொளஞ்சி செங்கல்லின் மேல் விரல் வைத்துத் தடவிக் காட்டினார். பள்ளத்தின் ஓரம் வியர்த்திருந்தது. எறும்புகள் சாரியாக வெளியேறிக்கொண்டிருந்தன. அவர் இரண்டு விரலை ஒன்றின் முன் ஒன்றாக நிறுத்தினார். பிறகு, இது சைகையில் முழுதாக வராது என்று நினைத்தவர்போல, வாயைத் திறந்தார்.

"முன்னாடி ஒண்ணு நிக்குது."

அது விதிப் புத்தகத்திலும் இருந்தது. முன்னால் போன சத்தம் வராமல் பின்னால் போனது வராது. சத்தங்கள் ஒன்றை ஒன்று முந்துவதில்லை.

"எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டாள் திலகவதி.

"பழசுன்னா மெதுவாத்தான் ஏறும்."

அஞ்சலாட்சி கட்டையைக் கீழே வைத்தாள். "ஆபீசரம்மா, இந்தக் கதையெல்லாம் எனக்கு வாணாம். வெள்ளிக்கிழமை எம்பொண்ணு சுகுணாவுக்குப் பூ வைக்க வர்றாங்க. நல்ல எடம். பையன் ஐடிஐ முடிச்சிருக்கான். மாப்பிள்ளையோட அம்மாதான் ஒரே பிடியா நிக்குது. பள்ளம் இருக்கற வூட்டுப் பொண்ணக் கூப்பிட்டா பதில் வர்றதுக்கு ரெண்டு நாள் ஆவுதாமே, எங்க வூட்டுல அடுப்புல பால் பொங்கினா என்னா பண்றதுன்னு கேக்குது. போன மாசம் கோயில்ல இவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கு. இவ பதிலே சொல்லல."

"நான் வேணும்னுதாம்மா சொல்லல" என்று உள்ளேயிருந்து சுகுணாவின் குரல் வந்தது. தாமதம் எதுவும் இல்லாமல் வந்தது.

"வாய மூடுடி. பள்ளத்து மேல பழி போட்டு வச்சிருக்கன், அதுவும் போயிடப் போவுது."

"எனக்கு ஒரு வாரம் குடும்மா" என்றாள் திலகவதி.

"உங்களுக்கு ஒரு வாரம், எம்பொண்ணுக்கு ஒரு வருஷம். பக்கத்து வூட்டுக்கு நின்ன நெலையில எழுதிக் குடுத்தீங்களே, எனக்கு மட்டும் என்னா?"

"அங்க ஓய் வந்துச்சு."

"உங்க ஓய்க்காகவா இப்படி மூஞ்சி வெளுத்துப்போய் உக்காந்திருக்கீங்க?"

திலகவதி படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். நீட்டவில்லை. ஆயுத பூஜை, பதினான்காம் நம்பர் கம்பம், வரும்போது கேட்டுக்க என்று அவன் சொன்னது. மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷம் மூன்று வாக்கியத்தில் முடிவதில் அவளுக்கு லேசான வருத்தம் இருந்தது.

"இந்த ஏரியில போட்டா அது கேக்காதா?" என்றாள் அஞ்சலாட்சி.

"தண்ணி பட்டா கரைஞ்சுடும்."

அஞ்சலாட்சி கையிலிருந்த சாம்பலை ஊதினாள். "நாளைக்கு நாலு மணிக்கு லாரி வரும். அது வரைக்கும் உக்காருங்க. வந்துச்சுன்னா ஒங்க அதிஷ்டம். வரலன்னா எழுதிக் குடுத்துடணும். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து திலகவதி அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு நல்ல புடவை கட்டியிருந்தாள். அஞ்சலாட்சி அதைக் கவனித்தாள். பத்து மணிக்குக் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்து வைத்தாள். சுகுணா உட்கார ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டாள். பள்ளத்தின் ஓரம் நன்றாக நனைந்திருந்தது. எறும்புகள் எல்லாம் போய்விட்டிருந்தன. வெளியே தெருவில் மழை பெய்யத் தொடங்கி, ஐந்து நிமிடம் கழித்து இந்த வீட்டிலும் பெய்து ஓய்ந்தது.

கொளஞ்சி வந்து எதிரில் உட்கார்ந்தார். சுரங்கத்தின் பேச்சு வந்ததும் அவருக்கு வாய் கொஞ்சம் திறந்தது. அமிர்தலிங்கத்தை அவருக்கு நேரில் பழக்கமில்லை. வேறு ஷிப்டு. இயந்திரத்தின் நம்பர் சொன்னால் தெரியும் என்றார். ஏழு என்றாள் திலகவதி.

"ஏழா? சொன்னாக் கேக்கற மிஷினு. ஓட்டுனவரும் அப்பிடித்தான். கையக் காட்டுன எடத்துல நிப்பாரு. கேள்வி கேக்க மாட்டாரு."

"ஆமா" என்றாள் திலகவதி. "வீட்லயும் அப்படித்தான்."

"அன்னிக்கி அவரு கத்துனாரே, நீங்க என்னா பண்ணீங்க?"

"சத்தம் வரல. கையாட்டினேன்."

"எப்பிடி ஆட்டினீங்க?"

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, ஒன்றை ஒன்று தாண்டும்படி இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். அன்று எல்லாப் பெண்களும் அப்படித்தான் ஆட்டினார்கள். தூரத்தில் இருப்பவருக்குத் தெரியட்டும் என்று அவள் இன்னும் கொஞ்சம் பெரிதாக, இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டியிருந்தாள்.

கொளஞ்சி அதைத் தொழில்காரரின் கண்ணோடு பார்த்தார்.

"இது 'வாணாம், வராத' ஆச்சே" என்றார். "இதக் காட்டுனா மிஷின நிறுத்திட்டுத் திரும்பிப் போயிடணும்."

திலகவதியின் கைகள் சற்று நேரம் மேலேயே இருந்தன. பிறகு அவற்றை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையை இன்னொரு கையால் மூடினாள்.

"அப்படியா" என்றாள்.

கொளஞ்சி எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடிக்கவில்லை. பள்ளத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வேண்டாம் என்று சொம்பைத் தள்ளி வைத்தாள்.

அஞ்சலாட்சி வாசலுக்கும் சாய்ப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். லாரி வருகிறதா என்று பார்க்கப் போகிறவள் போலவும், வந்துவிடக் கூடாது என்று பார்க்கப் போகிறவள் போலவும் இருந்தது. மூன்று மணிக்குச் சுகுணாவும் தையல் வேலையை விட்டுவிட்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

மூன்றரைக்கு வந்தது.

முதலில் காற்று வந்தது. அந்த நாளின் எதிர்க்காற்று. வாழையிலையும் கிரீஸும் உடைத்த பூசணிக்காயும் கலந்த வாசனையோடு வந்து சாய்ப்புத் தகரத்தை லேசாகத் தட்டியது. அதன் பின்னால், மூச்சிரைக்க, முப்பத்திரண்டு வயசுக் குரல்.

"திலகா! அங்கியே நில்லு, வர்றன்!"

அதற்குச் சரியாக ஒரு மூச்சு இடைவெளி விட்டு, நேற்றுப் பத்து நாற்பதுக்குப் போன அவளுடைய குரல் பின்னாலேயே வந்தது.

"ஓய்."

கூப்பிட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு பள்ளம் அமைதியாகிவிட்டது. செங்கல்லின் மேல் இருந்த ஈரம் கண்ணெதிரே உலர்ந்தது.

திலகவதி எழுந்து நின்றாள்.

அங்கே என்பது எது என்று ஒரு கேள்வி இருந்தது. அன்று அவள் நின்ற தெற்குக் கரை இப்போது மின் தகடுகளுக்கு அடியில் இருந்தது. கொளஞ்சி கண்ணை இடுக்கி, கட்டைவிரலை நீட்டி, பள்ளத்தை ஒரு தரம் பார்த்தார். வடக்குச் சுவர் எதுவோ அதற்கு எதிர்க்கரைதான் அங்கே. பள்ளம் இரண்டு முழமாகச் சுருங்கியதால் கரையும் இரண்டு முழத்துக்குள் வந்துவிட்டது என்று கணக்குப் பண்ணினார். அம்மிக்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் காட்டினார். திலகவதி அங்கே போய் நின்றாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது.

"லாரி வந்துடுச்சு" என்றாள் அஞ்சலாட்சி.

"தெரியுதும்மா. பேச்சு மாற மாட்டேன்" என்றாள் திலகவதி. நின்ற இடத்திலிருந்தே பையைத் திறந்து, படிவத்தையும் பேனாவையும் எடுத்தாள். 'இல்லை' என்ற கட்டத்துக்கு நேராகப் பேனாவை வைத்தாள். ஆனால் கோடு இழுக்கவில்லை. நிற்கிறவளின் முன்னாலிருந்து பள்ளத்தை எடுத்துப் போய்விட்டால், எதிர்க்கரை இருக்காது. எதிர்க்கரை இல்லாத இடத்தில் அங்கே என்று எதுவும் இருக்காது. அவன் எங்கே வருவான்? பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லாரிக்காரர் உள்ளே வந்து ஈரத்துணியை உதறினார். "எதும்மா, இதுவா?"

அஞ்சலாட்சி பள்ளத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். சுகுணா தோளைக் குலுக்கினாள்.

"நானாம்மா கட்டிக்கப் போறன் அந்த அம்மாவ? பையன் என்னா சொல்றான்னு அவனக் கேளு."

"நல்லாப் பேசு. நாளைக்கு அவங்க முன்னாடி மட்டும் ஊமையா இரு." அஞ்சலாட்சி லாரிக்காரர் பக்கம் திரும்பினாள். "இது உபயோகத்துல இருக்குதுப்பா."

"என்னா உபயோகம்?"

"பாத்தா தெரியல? ஆள் நிக்கிறாங்க."

லாரிக்காரர் பார்த்தார். ஆள் நின்றுகொண்டிருந்தது. துணியை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். திலகவதி 'உள்ளது' என்ற கட்டத்தில் கோடு இழுத்தாள். எந்த வகை உபயோகம் என்று கேட்ட இடத்தில் 'நிற்க' என்று எழுதினாள். விளைவு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் தெரியவில்லை என்று எழுதினாள். அஞ்சலாட்சி படிவத்தை வாங்கி லாரிக்காரரிடமே கொடுத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தை வைத்ததும் நேராகப் பின்பக்கம் போனார். சாய்ப்பில் நல்ல புடவை கட்டிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"இவங்க யாரு?"

"ஆபீசரம்மா" என்றாள் அஞ்சலாட்சி.

"எதுக்கு நிக்கிறாங்க?"

"வூட்டுக்காரரு நிக்கச் சொல்லியிருக்காரு. வர்றாராம்."

"எப்ப சொன்னாரு?"

"சொல்லி இருவத்தொம்பது வருஷம் ஆவுது. நேத்துதான் வந்து சேந்துச்சு."

மாப்பிள்ளையின் அம்மா திலகவதியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஒரு வார்த்தைக்கு எழுந்து நிற்கிற வீடு என்பது அவர் மனத்தில் எப்படிப் பதிந்ததோ தெரியவில்லை. தலையிலிருந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளித் திலகவதியின் பின்னலில் வைத்தார்.

"வெறுந்தலையோடயா நிக்கறது?" என்றார். பிறகு சுகுணாவைக் கூப்பிட்டார். சுகுணா உடனே "என்னாங்கத்தே" என்றாள். தேதி குறித்தார்கள்.

சனிக்கிழமை தணிகாசலம் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். திலகவதி நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். எத்தனை நாள் ஆகும் என்று அவர் கேட்கவில்லை. ஆயுத பூஜை அன்று சொன்ன வார்த்தை வந்து சேரவே இவ்வளவு காலம் ஆயிற்று. ஆள் வருவதற்கு ஆகிற காலத்தை அவர் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டு, பெரிய பதிவேடாக அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கொளஞ்சி காலையும் மாலையும் வந்து எதிரில் உட்கார்ந்து, 'வா, நேராக வா, தடையில்லை' என்பதற்கான கைச்சைகையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைத் தன் பக்கமாகத் திருப்பி, மெதுவாக மார்புக்கு இழுக்க வேண்டும். அவள் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். கற்றுக்கொண்டதும், வடக்கைப் பார்த்து, அவசரமில்லாமல், அதைச் செய்துகொண்டே நின்றாள்.

அவன் வரவேண்டிய வடக்குத் திசைக்கு அங்கிருந்து நேர்கோடு இழுத்தால் அது இந்த வீட்டு வழியாகவும், எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகை வழியாகவும், அதற்கடுத்த வீட்டுச் சமையலறை வழியாகவும் போவது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து, அவரவர் வீட்டை அவரவர் இரண்டடி கிழக்கே நகர்த்திக்கொண்டார்கள். அஞ்சலாட்சி அடுப்பில் பால் இருந்ததால் அது பொங்கி இறங்கும் வரை பொறுத்து, சிந்தாமல் கடைசியாக நகர்த்தினாள். தெருமுனைப் பிள்ளையார் கோயில் மட்டும் நகரவில்லை, சற்று ஒருக்களித்துக்கொண்டது.